புத்தரிசிப் பொங்கலும் நன்றித் திருப்பலியும்

(பொங்கல் திருநாளன்று காலை, நம் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் நடந்த நன்றித் திருப்பலியில், நோயாளிகளும் பணியாளர்களும் நன்கொடையாளர்களும் கூடியிருக்க, மருத்துவமனையின் ஆன்மகுரு ஆற்றிய உரை)

 

காலை ஆறு மணிக்கே நம் செவிலிய மாணவியர் சிற்றாலய வாசலில் மூன்று செங்கல்லை வைத்து அடுப்பு மூட்டிவிட்டார்கள். விறகு ஈரம். பானையைவிடப் புகைதான் முதலில் பொங்கியது. ஆண்கள் வார்டிலிருந்து ஒரு பெரியவர் சலைன் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு சன்னல் வரை வந்து, "அடுப்பைத் திருப்பி வைங்கம்மா, காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்க வேணாமா?" என்று அதட்டினார். அவர் சொன்னபடி திருப்பி வைத்த பிறகுதான் பால் பொங்கியது. நாற்பது வருடம் ஏர் பிடித்தவர் அவர். பி.எஸ்சி. நர்சிங் பாடத்திட்டத்தில் அடுப்பு மூட்டுவது இல்லைபோலும்.

பண்டிகை நாளில் மருத்துவமனை எப்படி இருக்கும் என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. போகக்கூடியவர்கள் எல்லாரும் நேற்றே போய்விட்டார்கள். "டாக்டர், ரெண்டு நாள் அனுப்புங்க, மாட்டுப் பொங்கல் முடிஞ்சதும் வந்துடறேன்" என்று கெஞ்சி எழுதி வாங்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. எஞ்சியிருப்பவர்கள் இரண்டே வகையினர்: உடல் இடம் தராதவர்கள், போக வீடு அருகில் இல்லாதவர்கள். இந்த இரண்டாம் வகையினர் இப்போது நம்மிடம் அதிகம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் சிட்கோவிலும் வேலை செய்கிற ஒடிசா, பீகார், ஜார்கண்ட் பிள்ளைகள். ஆலைக்கு விடுமுறை என்றாலும் அவர்களுக்கு ஊர் என்பது இரண்டு நாள் ரயில் பயணம்.

இவர்கள் நடுவில் நின்றுகொண்டு நன்றியைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் சற்றுத் தயக்கம் உண்டு. அதன் காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

நான் மருத்துவமனைப் பணிக்கு வந்த புதிதில், ஒரு பொங்கலன்று அறுவைச் சிகிச்சை வார்டில் நோயாளிகளைச் சந்தித்துக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர். ஏதோ ஒரு தொழிற்கூடத்தில் ஒப்பந்த வேலை. பவர் பிரஸ்ஸில் சிக்கி வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன. கட்டிலருகே அவர் மனைவி, மடியில் கைக்குழந்தை. குருமடத்தில் எட்டு வருடம் படித்துவிட்டு வந்தவன் நான். வேத வசனம் நாக்கின் நுனியில் இருந்தது. "தம்பி, உயிர் தப்பியதே பெரிது. ஆண்டவருக்கு நன்றி சொல்லுங்கள்" என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பெண்தான் கேட்டார்:

"சாமி, போன விரலுக்கும் சேத்து நன்றி சொல்லணுங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. சிலுவை அடையாளம் வரைந்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். போனேன் என்பதைவிடத் தப்பி ஓடினேன் என்பதே சரி.

அந்தக் கேள்வியோடு பல வருடம் இருந்திருக்கிறேன். இப்போது அந்தப் பெண் வந்து கேட்டால், "இல்லை அம்மா, விரலுக்கு நன்றி சொல்ல வேண்டாம்" என்பேன். ஏன் என்பதையும் சொல்வேன்.

புனித பவுல் தெசலோனிக்கருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், நன்றி செலுத்துவதைப் பற்றிச் சொல்கிறார். நான் அன்று நினைத்திருந்த வசனம் அதுவே. ஆனால் எந்த நிலையில் இருந்தாலும் நன்றி செலுத்துங்கள் என்றுதான் அவர் சொல்கிறார். நடந்தது அத்தனைக்காகவும் நன்றி செலுத்துங்கள் என்று அல்ல. ஒரு வேற்றுமை உருபுதான் வித்தியாசம். ஆனால் அந்த உருபை மாற்றிப் போட்டுவிட்டு எத்தனை நோயாளிகளை வேதனைப்படுத்தியிருக்கிறோம்!

ஆண்டவர் என்ன செய்தார் என்று பாருங்கள். காட்டிக்கொடுக்கப்பட்ட அந்த இரவில் அப்பத்தை எடுத்தார், நன்றி செலுத்தினார், பிட்டார். நம் திருப்பலியின் உயிர்நாடி இதுதான். எந்த இரவு? யூதாசு எழுந்து போன இரவு. நாளை என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருந்த அப்பத்துக்கும் திராட்சை இரசத்துக்கும் தந்தைக்கு நன்றி கூறினார். அதே இரவில், சில மணி நேரம் கழித்து, கெத்சமனித் தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து ஜெபித்தாரே, அப்போது வரவிருந்த பாடுகளுக்கு நன்றி சொன்னாரா? சொல்லவில்லை. அதை அகற்றிவிடுமாறு தந்தையிடம் கேட்டார். தந்தையின் திருவுளத்துக்குப் பணிந்தார், ஆனால் வியர்வை வழியக் கேட்டுவிட்டுத்தான் பணிந்தார். அப்பத்துக்கு நன்றி, ஆணிக்கு மன்றாட்டு. இரண்டும் ஒரே இரவில், ஒரே வாயிலிருந்து.

அந்த இளைஞருக்கு நான் முதலாவதைக் கற்பிக்கப் போனேன். அவருக்கு அன்று தேவைப்பட்டது இரண்டாவது. நம் திருப்பாடல்கள் நூலில் உள்ள 150 பாடல்களில் புலம்பல்கள் எத்தனை என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். ஆண்டவரே ஏன், எதுவரைக்கும் என்று கேட்கிற பாடல்களைத் திருச்சபை வெட்டி எறியவில்லை. குருக்களும் கன்னியரும் நாள்தோறும் சொல்கிற ஜெபத்திலேயே சேர்த்து வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இங்கே ஆலை நடத்துகிற அன்பர்களும் அமர்ந்திருக்கிறீர்கள், மனம் கோணாமல் கேளுங்கள். எந்திரத்தின் ஆபத்தான பகுதிக்குத் தடுப்பு இருக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். தடுப்பை வைத்தால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி மூலையில் சாத்தி வைத்துவிட்டு, விரல் போன பிறகு "கடவுள் சித்தம்" என்பது கடவுள்மேல் சுமத்தும் அபாண்டம். அதில் அவருடைய சித்தம் எதுவும் இல்லை. ஆலைக்குள் ஆயுத பூசைக்கு எந்திரத்துக்கு மாலை போடுகிறீர்கள், கிறிஸ்துமசுக்கு நட்சத்திரம் கட்டுகிறீர்கள். நல்லது. கழற்றி வைத்த தடுப்பையும் மாட்டிவிடுங்கள்.

நிற்க. பொங்கல் விஷயத்துக்கு வருகிறேன்.

"சாமி, சூரியனுக்குப் படைக்கிற பண்டிகைக்குக் கோயிலில் பூசை எதற்கு?" என்று ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் என்னிடம் கேட்காமல் இருப்பதில்லை. இந்தக் கேள்விக்கு நீண்ட வரலாறு உண்டு. 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலி சுவாமிகள், குடுமியும் பூணூலும் சந்தனமும் நாட்டு வழக்கம், அவற்றோடு ஒருவன் கிறிஸ்தவனாக இருக்கலாம் என்றபோது எத்தனை எதிர்ப்பு! 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பு அவருக்குச் சாதகமாக எழுதினார். பிறகு மறுபடியும் சண்டை, மறுபடியும் தடை. கடைசியில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கைத் திரட்டில், மக்களின் வழக்கங்களில் மூடநம்பிக்கையோடு பிரிக்க முடியாதபடி பிணைந்திராத எதையும் திருச்சபை பரிவோடு பார்க்கிறது என்ற கருத்து இடம்பெற்றது. 1969இல் இந்திய ஆயர்கள் கேட்ட 12 தழுவல்களுக்கு உரோமை அனுமதி தந்தது. இன்று நாம் காலணியைக் கழற்றிவிட்டு வருவதற்கும், கைகூப்புவதற்கும், ஆரத்தி எடுப்பதற்கும், மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றுவதற்கும் அந்த அனுமதியில் இடம் இருக்கிறது.

ஆனால் இந்த ஏடுகள் எல்லாம் வருவதற்கு முன்பே என் ஆயா இதைத் தீர்த்துவைத்திருந்தார். ஆரணியாற்றுப் பக்கம் எங்களுக்கு ஒரு சிற்றூர். சொந்த நிலம் கிடையாது. ஆயா அறுப்புக்குப் போய்க் கூலியாக வாங்கிய நெல்தான் பொங்கலுக்குக் குத்தப்படும். புதுப்பானைக்கு மஞ்சள் கொத்து கட்டி, முன்பக்கம் சுண்ணாம்பால் ஒரு சிலுவை போடுவார். பால் பொங்கியதும் "பொங்கலோ பொங்கல்" என்று கூவிவிட்டு, அதே மூச்சில் "சேசு, மரி, சூசை" என்பார். வெயிலைப் பார்த்துக் கும்பிடுவாரா என்று கேட்டால், வெயிலைப் படைத்தவரைக் கும்பிடுவார். முதல் அகப்பையை எங்களுக்குத் தரமாட்டார். எங்கிருந்தோ அறுப்பு வேலைக்கு வந்து ஊர்ப் பொதுத் திண்ணையில் தங்கியிருப்பார்களே, அவர்களுக்கு ஒரு சட்டியில் போகும். "நாமளும் ஒரு காலத்துல பஞ்சம் பொழைக்க வந்தவங்கதாண்டா" என்பார்.

பல வருடம் கழித்துக் குருமடத்தில் இணைச்சட்ட நூலின் 26ஆம் அதிகாரத்தைப் படிக்கும்போது எனக்கு ஆயாவின் குரல் கேட்டது. அறுவடையின் முதற்பலனை ஒரு கூடையில் வைத்துக்கொண்டு இஸ்ரயேல் விவசாயி ஆண்டவர் திருமுன் வந்து நிற்கிறான். என்ன சொல்ல வேண்டும் என்று சட்டமே கற்றுத் தருகிறது. "நல்ல மழை, நல்ல விளைச்சல், நன்றி" என்று அவன் தொடங்குவதில்லை. என் மூதாதை நாடோடியாய்த் திரிந்தவர், சிலரோடு எகிப்துக்குப் போய் அங்கே அந்நியராய்ப் பிழைத்தார், அங்கே எங்களைக் கொடுமைப்படுத்தினார்கள் என்று தொடங்குகிறான். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் போன கதையைச் சொல்லி முடித்த பிறகுதான் கூடை கீழே இறங்குகிறது. அதோடும் முடியவில்லை. உன்னோடு வாழும் அந்நியனையும் சேர்த்துக்கொண்டு மகிழ்ந்திரு என்ற பொருளில் கட்டளை தொடர்கிறது. அந்நியனை வெளியே நிறுத்திவிட்டுச் செய்கிற அறுவடை நன்றி வேதாகமத்தின்படி நன்றியே அல்ல.

ஐந்தாம் எண் கட்டிலில் ஓர் ஒடிசாப் பையன் இருக்கிறான். இருபது வயது இருக்கும். இதோ, மூன்றாம் வரிசையில் கைக்கட்டோடு உட்கார்ந்திருக்கிறான். காலையில் பானை பொங்கும்போது தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவர்கள் ஊரிலும் இன்றைக்கு மகர சங்கராந்தியாம். புதிய அரிசிதானாம் அங்கேயும். ஆனால் வேகவைப்பதில்லை. ஊறிய பச்சரிசியோடு வாழைப்பழம், தேங்காய், வெல்லம், எள், பாலைத் திரித்து எடுத்த சேனா எல்லாம் சேர்த்துப் பிசைந்து படைப்பார்களாம். "மகர சாவுள" என்றான். அம்மா பிசைந்து தருவாளாம். அதைச் சொல்லும்போதுதான் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் இம்முறை வசனம் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்றேன். அவ்வளவுதான்.

இப்போது நன்கொடையாளர்களோடு ஒரு வார்த்தை.

பத்துத் தொழுநோயாளர் கதை உங்களுக்குத் தெரியும். லூக்கா 17ஆம் அதிகாரம். பத்துப் பேர் குணமானார்கள், ஒருவர் மட்டும் திரும்பி வந்தார், அவரும் சமாரியர், அந்நியர். ஒன்பது பேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டார். இந்தப் பகுதியை வைத்து நானே எத்தனையோ பிரசங்கத்தில் அந்த ஒன்பது பேரைத் திட்டியிருக்கிறேன். வயதான பிறகு ஒன்று கண்ணில் பட்டது. ஆண்டவர் கேட்டார், வருந்தினார். ஆனால் அந்த ஒன்பது பேருடைய நோய் திரும்பி வந்ததாக நற்செய்தியில் ஒரு வரியும் இல்லை. அவர்கள் குணமானது குணமானதுதான். கொடுத்ததை அவர் திரும்ப எடுக்கவில்லை. நன்றி சொல்வான் என்று பார்த்து ஒருவனை மட்டும் குணமாக்கவும் இல்லை.

உங்களில் சிலர், நல்லெண்ணத்தோடுதான், "நாங்கள் உதவிய நோயாளியின் புகைப்படமும் அவர் கையால் எழுதிய நன்றிக் கடிதமும் அனுப்புங்கள்" என்று கேட்டு எழுதுகிறீர்கள். அலுவலகத்து அருட்சகோதரிக்கு அது சங்கடம், சொல்லவும் முடியாமல் தவிக்கிறார். அதனால் நான் சொல்கிறேன். கணக்கு கேளுங்கள், ஒரு ரூபாய் விடாமல் காட்டுவோம், அது உங்கள் உரிமை. ஆனால் வயிற்றில் தையலோடு படுத்திருக்கிறவரிடம் போய், "இன்னாருக்கு நன்றி எழுதுங்கள்" என்று பேனாவை நீட்ட எங்களுக்கு மனம் வரவில்லை. எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த மாத்திரை வரும் என்று அவர் நினைத்துக்கொள்வார். அப்படி எழுதி வாங்கினால் அது கந்துவட்டிக்காரன் வாங்கும் கையெழுத்தைப் போலத்தான்.

தானாக வருகிற நன்றி வேறு. அது வரும்போது எங்கிருந்து வரும் என்று சொல்லவே முடியாது. வேளாங்கண்ணிக்குப் போயிருப்பீர்கள். அங்கே காணிக்கைப் பொருட்காட்சியில் வெள்ளியில் செய்த கை, கால், கண், தொட்டில் என்று அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் அமாவாசைக்கு அமாவாசை வெல்லம் கரைக்கிறார்கள், வெல்லம் கரைவதுபோல் நோய் கரையட்டும் என்று. நம் வார்டிலிருந்து நலமாகிப் போனவர்களில் இந்த இரண்டு இடத்துக்கும் போனவர்கள் உண்டு. இரண்டுக்கும் போய்விட்டு, திரும்பும் வழியில் இங்கே இறங்கி, சமையற்கட்டுக்கு ஒரு பூசணிக்காய் கொடுத்துவிட்டுப் போனவரும் உண்டு.

ஆனால் அந்த வெள்ளிக் கைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இளைஞர் நினைவு வரும். அவை குணமானவர்கள் வைத்த கைகள். விரல் முளைக்காதவர் எதைக் கொண்டுபோய் வைப்பார்? அவருடைய நன்றிக்கு எங்கே இடம்?

நம் திருப்பலியில்தான் என்று நினைக்கிறேன். நற்கருணை என்ற நம் தமிழ்ச் சொல் அழகானது, அது இறைவனின் கருணையைச் சொல்கிறது. கிரேக்கத்தில் அந்தச் சொல் யூக்கரிஸ்தியா. அதற்கு நன்றி கூறுதல் என்று பொருள். சமாரியத் தொழுநோயாளர் திரும்பி வந்து இயேசுவின் காலில் விழுந்து செய்ததைச் சொல்லும்போது லூக்கா அதே சொல்லின் வினையைத்தான் எழுதுகிறார். இராவுணவில் இயேசு அப்பத்தை எடுத்துச் செய்ததற்கும் அதே சொல்தான். குணமானவனின் நன்றியும், மறுநாள் சாகப்போகிறவரின் நன்றியும் ஒரே சொல்லில் இருக்கின்றன. முழு உடம்போடு வருகிறவர்களுக்கு மட்டும் உரியதல்ல இந்தப் பலிபீடம். இங்கே எழுந்தருளியிருப்பவரின் கைகளிலும் காயம் உண்டு.

அந்த இளைஞரைப் பிறகு ஒருமுறை பார்த்தேன். இரண்டு வருடம் கழிந்திருக்கும். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்தில் அவரே என்னை அடையாளம் கண்டுகொண்டு வந்தார். இடது கையால் எழுதப் பழகி, ஒரு கிடங்கில் கணக்கெழுதும் வேலைக்குப் போவதாகச் சொன்னார். நான் மன்னிப்புக் கேட்டேன். எதற்கு என்று அவருக்கு ஞாபகம் இல்லை, அல்லது இல்லாததுபோல் இருந்துவிட்டார். "கொழந்த ஸ்கூலுக்குப் போவுதுங்க சாமி. அதுக்கு நன்றி சொல்றேன், தெனம்" என்றார். "கைக்குச் சொல்றதில்ல."

இன்னும் சில நிமிடங்களில் காணிக்கைப் பவனி. அப்பத்தையும் இரசத்தையும் ஏந்தி நான் சொல்லும் ஜெபத்தில், இவை மண் தந்தவை, மனிதர் கை உழைத்துத் தந்தவை என்ற பொருளில் வார்த்தைகள் வரும். அப்போது யாருடைய கைகள் என்று சற்று நினைத்துக்கொள்ளுங்கள். அப்பத்தோடும் இரசத்தோடும் இன்று ஒரு மரக்கால் புத்தரிசியும் வருகிறது. பொன்னேரிப் பக்கத்து விவசாயி ஒருவர் கொடுத்தனுப்பியது. அதை ஏந்தி வர ஐந்தாம் எண் கட்டில் தம்பியைக் கேட்டிருக்கிறேன். ஒரு கையால் முடியாது என்றான். அடுப்பைத் திருப்பி வைக்கச் சொன்ன பெரியவர், மறுபக்கம் தான் பிடித்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். சலைன் கம்பத்தை யாராவது ஒரு மாணவி தள்ளிக்கொண்டு வாருங்கள்.

ஓர் அறிவிப்பு. திருப்பலி முடிந்ததும் வாசலில் சர்க்கரைப் பொங்கல் தருவார்கள். எழுந்து வர முடியாதவர்களுக்குக் கட்டிலுக்கே வரும். சர்க்கரை நோயாளிகளுக்கு வெண்பொங்கல், அதுவும் டாக்டர் அம்மா சொன்ன அளவுதான். சென்ற வருடம் என் தட்டையும் அவர் எட்டிப் பார்த்தார். தேங்காயும் வாழைப்பழமும் வெல்லமும் எள்ளும் சமையற்கட்டில் இருக்கின்றன, பச்சரிசி ஊறிக்கொண்டிருக்கிறது. சேனா மட்டும் கிடைக்கவில்லை. அதைப் பிசையும் விதத்தைத் தம்பிதான் நமக்குச் சொல்லித் தர வேண்டும்.